மோட்டாரை மாற்றும் முன்: திருப்பூரில் வாக்குவம் கிளீனர் மெக்கானிக் ஆக ஒரு வழிகாட்டி

திருப்பூரில் பஞ்சு படியாத இடம் கிடையாது. நிட்டிங் மெஷின் உச்சியில், டியூப் லைட் பட்டியில், பவர் டேபிளுக்கு அடியில், வீட்டிலேயே நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவர்களின் மெத்தை விரிப்பில் என்று எங்கும் வந்து உட்காரும். விளக்குமாறு பட்டால் பறக்கும். ஈரத்துணியால் துடைத்தால் ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சி எடுப்பதுதான் வழி என்று வீடுகளிலும் சின்ன யூனிட்டுகளிலும் வாக்குவம் கிளீனர் வாங்கிப் போடுகிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின் ஒரு நாள் கீச்சிட்டு, சூடேறி, நின்றுபோகிறது. தூக்கிக்கொண்டு ஓடினால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: "மோட்டார் போச்சுங்க, புதுசு போடணும்."

பல நேரங்களில் மோட்டார் போயிருக்காது. பஞ்சு அடைத்துத் திணறிக்கொண்டிருக்கும். பிரித்து, சுத்தம் செய்து, ஒரு பேரிங் மாற்றினால் மறுபடி ஓடும். அந்த வேலையைப் பொறுமையாகச் செய்யத் தெரிந்தவருக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமே வராது. பத்தாவதோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு என்ன செய்வது என்று யோசிக்கும் தம்பிகளுக்கும், கைமடி, செக்கிங், பிசிறு வெட்டும் வேலைகளிலிருந்து ஒரு கைத்தொழிலுக்கு மாற நினைக்கும் தங்கைகளுக்கும் இந்தக் கட்டுரை.

அடைப்பை எடுப்பது பாதி வேலைதான். அந்த அடைப்பு மோட்டார் வரை எப்படி வந்தது என்று கண்டுபிடித்து அந்த வழியை மூடுவது மீதிப் பாதி. முதல் பாதியை மட்டும் செய்தால் அதே மெஷின் அடுத்த மாதம் திரும்பி வரும். இரண்டையும் செய்தால் அந்த வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் உங்களிடம் அனுப்புவார்.

இங்கே ஏன் சீக்கிரம் கெடுகிறது?

வீட்டு வாக்குவம் கிளீனர் எவ்வளவு நேரம் ஓடுவதற்காகச் செய்யப்படுகிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் போட்ட விதிமுறை ஒரு கணக்கைத் தருகிறது. 2017 செப்டம்பர் முதல் அங்கே விற்பனைக்கு வரும் வீட்டு மெஷினின் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்கிறது அது. வாரத்துக்கு அரை மணி நேரம் வீட்டைச் சுத்தம் செய்யும் குடும்பத்துக்கு 500 மணி என்பது 19 வருடம். அதே மெஷினை ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள் ஓடும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் 250 நாளில் கணக்கு முடிந்துவிடும். வீட்டுக்கென்று செய்த மெஷினைக் கம்பெனி வேலைக்குப் போடுவதுதான் இங்கே வரும் பழுதுகளில் பலவற்றுக்கு வேர். ஆகவே மெஷினை வாங்கி மேஜையில் வைத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "வீட்டுக்குங்களா, கம்பெனிக்குங்களா? தினம் எவ்வளவு நேரம் ஓட்டறீங்க?"

இரண்டாவது காரணம் பஞ்சின் குணம். ஊருக்கு ஊர் வீட்டுத் தூசியில் மண் இருக்கும். இங்கே நாரும் இருக்கிறது. நூலிலிருந்து உதிரும் குட்டை நார்கள் ஃபில்டர் துணியில் முதலில் மெல்லிய படலமாகப் படியும். பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடியது. அதோடு மெஷின் ஆயிலும் சேர்ந்தால் அந்தப் படலம் அட்டையாக இறுகிவிடும். அதற்கு மேல் லைக்ரா நூல், பிசிறு, கட்டிங் வேஸ்ட் துணுக்கு. லைக்ரா இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். சுற்றுகிற தண்டில் மாட்டினால் சுருண்டு இறுகிக் கழுத்தைப் பிடித்துவிடும்.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது?

வீட்டு வாக்குவம் கிளீனரில் இருப்பது பெரும்பாலும் யுனிவர்சல் மோட்டார். மிக்ஸியிலும் கை டிரில்லிலும் இருக்கும் அதே கார்பன் பிரஷ் வகை. வேகம்தான் வேறு. நிமிடத்துக்கு 20,000 முதல் 30,000 சுற்றுக்கும் மேல் போகும். வீட்டு சீலிங் ஃபேன் ஒரு நிமிடம் முழுக்கச் சுற்றுவதை இது ஒரே நொடியில் சுற்றிவிடுகிறது. இந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான், இறக்கையில் ஒட்டிய ஒரு சிட்டிகைப் பஞ்சு ஏன் பேரிங்கையே தின்றுவிடுகிறது என்பது விளங்கும்.

காற்று போகும் பாதையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: முனை, குழாய், தூசிப் பை, மோட்டார் ஃபில்டர், இறக்கை, மோட்டார், வெளியேறும் ஃபில்டர். உலர் தூசிக்கான சாதாரண மெஷினில் உறிஞ்சிய காற்றே மோட்டாரின் காயில் வழியாகப் போய் அதைக் குளிர்விக்கிறது. பாதை அடைத்தால் உறிஞ்சுவது மட்டுமல்ல, குளிர்ச்சியும் நின்றுவிடும். தண்ணீரும் உறிஞ்சும் வகையில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனி இறக்கை உண்டு. ஈரக்காற்று காயிலைத் தொடாது. இரண்டில் எது என்று தெரியாமல் மோட்டார் வாங்கி மாட்டுவது உயிருக்கே ஆபத்து.

பிரிக்கும் முன் காது கொடுங்கள்

நல்ல மெக்கானிக் திருப்புளியை எடுப்பதற்கு முன்னாலேயே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடுவார். "அடைத்துவிட்டது" என்று வாடிக்கையாளர் சொல்வதில் இரண்டு வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, காற்றுப் பாதை அடைப்பு. மெஷின் ஓடும், ஆனால் சத்தம் வழக்கத்தை விட மேலேறிக் கீச்சிடும், உறிஞ்சாது. மோட்டார் கஷ்டப்படுகிறது என்று தோன்றும். உண்மையில் தள்ளுவதற்குக் காற்று கிடைக்காததால் இறக்கைக்குச் சுமை குறைந்து வேகம் கூடுகிறது. கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஆம்பியர் குறைந்திருக்கும். 1,200 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குச் சற்று மேலே எடுக்க வேண்டும். அதை விடக் கீழே இறங்கிக் கீச்சிட்டால், பாதையில் அடைப்பு. குளிர்ச்சி இல்லாததால் சற்று நேரத்தில் சூடேறி, தெர்மல் கட்-ஆஃப் மோட்டாரை நிறுத்திவிடும். ஆறிய பின் மறுபடி ஓடும். "அரை மணி நேரம் விட்டா ஓடுதுங்க" என்று வாடிக்கையாளர் சொன்னால் இதுதான்.

மற்றொன்று, மோட்டாரே இறுகிப்போவது. சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. அல்லது தயங்கித் தயங்கிச் சுற்றும். கருகல் வாடை வரும். ஆம்பியர் ஏறும். உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள். இறுகிய மோட்டாரைச் "சுத்துதா பாப்போம்" என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்தான் காப்பாற்றியிருக்க வேண்டிய ஆர்மேச்சர் (காயில் சுற்றிய சுழலும் பகுதி) கருகுகிறது.

மேஜையில் இருக்க வேண்டியவை

நட்சத்திர முனை உட்பட ஒரு திருப்புளி செட், மூக்குக் குறடு, பாக்ஸ் ஸ்பேனர், சிறிய பேரிங் புல்லர், மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர், பெயின்ட் பிரஷ், மோட்டாருக்கு முன் தொடராக ஒரு பல்பை இணைக்கும் சீரிஸ் பல்பு போர்டு. சீரிஸுக்கு 100 அல்லது 200 வாட் பழைய குண்டு பல்புதான் வேண்டும், எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. தண்டில் சுற்றிய நூலை அறுக்க, பிசிறு வெட்டும் டிரிம்மரை மிஞ்சிய கருவி கிடையாது. பனியன் கம்பெனியில் அதைப் பிடித்துப் பழகிய கை இங்கே பாதி தேர்ச்சியோடுதான் வருகிறது.

பிளக்கைச் சுவரிலிருந்து உருவிய பின்பே மூடியைத் திறக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. முகக்கவசம் இல்லாமல் தூசிப் பையைத் தொடாதீர்கள். காற்று அடித்துச் சுத்தம் செய்வதாக இருந்தால் வெளியில், கண்ணாடி அணிந்து, அழுத்தத்தை 2 கிலோவுக்கு இறக்கிய பிறகு.

பிரித்து மாட்டும் முறை

முதலில் காற்றுப் பாதை. குழாயைக் கழற்றி ஒரு முனையில் கோலிக்குண்டைப் போடுங்கள். மறு முனையில் விழவில்லை என்றால் அடைப்பு அங்கேயே இருக்கிறது. குழாய் இல்லாமல் மெஷினை ஓட்டி, சத்தம் இறங்கி இயல்பாகிறதா என்று பாருங்கள். அப்படி இயல்பானால் மோட்டாரைப் பிரிக்கவே வேண்டாம். பைக்குப் பின்னால் இருக்கும் மோட்டார் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் காற்றும் போகாது. துவைக்கக்கூடிய ஃபில்டர் என்றால் துவைத்து ஒரு நாள் முழுக்க நிழலில் காய வையுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பஞ்சு அதில் பசை போட்டதுபோல் இறுகிவிடும்.

அடுத்து தண்டு. மோட்டாரை வெளியே எடுக்கும் முன் ஒவ்வொரு ஒயரையும் போனில் படம் எடுங்கள். இறக்கையை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றி மெல்ல நிற்க வேண்டும். கரகரவென்றால் பேரிங். ஓரிடத்தில் மட்டும் இடித்தால் இறக்கை வளைந்திருக்கிறது. அசையவே இல்லை என்றால் நூலோ துருவோ பிடித்திருக்கிறது. குறடு வைத்துத் திருகாதீர்கள்.

இறக்கையின் தகர மூடி பெரும்பாலும் மோட்டார் சட்டத்தோடு மடித்து அழுத்தப்பட்டிருக்கும். சுற்றிலும் திருப்புளி முனையால் சிறிது சிறிதாக நெம்பி எடுங்கள்; ஒரே இடத்தில் நெம்பினால் மூடி கோணும். இறக்கை நட்டைக் கழற்றும் முன் மரையைக் கவனியுங்கள். சில மாடல்களில் அது எதிர்த்திசை மரை. வழக்கம்போல் திருகினால் இறுகும், இன்னும் பலம் கொடுத்தால் தண்டே முறியும். இறக்கை மெல்லிய அலுமினியம். ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் அந்த வேகத்தில் மெஷினையே உதறவைக்கும். அதை மேஜையில் குப்புறப் போடாமல் துணியில் மல்லாத்தி வையுங்கள்.

இப்போது தண்டையும் முன் பேரிங்கையும் பாருங்கள். திருப்பூர் மெஷினில் நோய் குடியிருக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். இறக்கைக்குப் பின்னால், தண்டைச் சுற்றி, சாம்பல் நிறத்தில் மோதிரமாக நார் இறுகியிருக்கும். அதன் உள்பக்கம் கிரீஸ் ஊறிக் கறுத்திருக்கும்: பேரிங்கின் கிரீஸைப் பஞ்சு குடித்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. டிரிம்மரால் தண்டின் நீளவாக்கில் ஒரே கோடாக அறுத்து, மூக்குக் குறடால் உரித்து எடுங்கள். குறுக்கே வெட்டினால் துணுக்குகள் பேரிங்குக்குள் போகும்.

கிரீஸ் உலர்ந்த பேரிங்குக்கு எண்ணெய் விட்டு ஒப்பேற்றுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. இரண்டு நாள் ஓடும், பிறகு இறுகும். மாற்றிவிடுங்கள். பல மோட்டார்களில் 608 என்ற எண் இருக்கும்: உள்துளை 8, வெளி விட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். அதே அளவு பேரிங் ஸ்கேட்டிங் ஷூ சக்கரத்திலும் வருகிறது, விலையும் மலிவு. ஆனால் நிமிடத்துக்கு 25,000 சுற்றை அது தாங்காது. நல்ல கம்பெனி பேரிங்கை, பழையதில் இருந்த அதே வகை மூடியோடு வாங்குங்கள். ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் படட்டும். வெளிவளையத்தில் தட்டினால் புது பேரிங்கிலேயே குண்டுகள் பதிந்த தடம் விழும்.

பிறகு கார்பன். இரண்டையும் வெளியே எடுத்துப் பாருங்கள். புதிதாக இருந்தபோது இருந்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கார்பன் உரசும் தகடுகளான கம்யூட்டேட்டர் சீரான பழுப்பு மினுமினுப்போடு இருந்தால் நல்லது, அதைத் தேய்க்காதீர்கள். கறுத்திருந்தால் மெல்லிய சேண்ட் பேப்பரால் லேசாகத் துடைக்கலாம். எமரித் தாள் கூடாது; அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும், தகடுகளுக்கு இடையில் சிக்கினால் ஷார்ட் ஆகும். ஒன்றிரண்டு தகடு மட்டும் கருகிப் பள்ளமாகியிருந்தால் ஆர்மேச்சர் காயில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

காயிலை அளப்பதும் எளிதுதான். மோட்டாரின் இரண்டு முனையில் மல்டிமீட்டரை வைத்துத் தண்டைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். சில ஓம்கள் காட்டி, சுற்றும்போது சிறிதே ஏறி இறங்கினால் சரி. எங்காவது துண்டித்துக் காட்டினால் கார்பன் தொடவில்லை, இல்லை காயில் அறுந்திருக்கிறது. வேகக் கட்டுப்பாடு உள்ள மெஷினில் பிளக்கில் வைத்து அளந்தால் தவறான முடிவு வரும். கடைசியாக மெக்கர். நல்ல மோட்டாரில் பல பத்து மெகாஓம் காட்டும். ஒன்றிரண்டு மெகாஓமுக்கு இறங்கியிருந்தால் ஈரமோ கார்பன் தூளோ உள்ளே இருக்கிறது. சுத்தம் செய்து, உலர்த்தி, மறுபடி அளக்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

சோதனை ஓட்டம் சீரிஸ் பல்பு வழியாகவே தொடங்கட்டும். பல்பு எரிந்து தண்டு மெல்ல நகர்ந்தால் நேரடி மின்சாரத்துக்குப் போகலாம். ஒரு எச்சரிக்கையை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: இறக்கையைக் கழற்றிய மோட்டாரை முழு வோல்ட்டில் ஓட்டக் கூடாது. சுமை இல்லாத இந்த வகை மோட்டார் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். ஆர்மேச்சர் கம்பி பிய்த்துக்கொண்டு வெளியே பறக்கும்.

மாட்டும்போது ஒரு ரப்பர் வாஷர் கூட மிஞ்சக் கூடாது. உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு மெஷின். எர்த் ஒயர் கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் துண்டும்தான் பயன்படுத்துபவருக்குப் பாதுகாப்பு.

இனிதான் இரண்டாம் பாதி

மெஷின் ஓடுகிறது. இப்போது கேளுங்கள்: பஞ்சு எப்படி மோட்டாருக்கு வந்தது? பையில் ஓட்டை இருக்கிறதா? பை கிழிந்ததால் பனியன் துணியில் தைத்துப் போட்டிருக்கிறார்களா? நிட்டிங் துணி இழுத்தால் விரியும். அதன் கண் வழியாகக் குட்டை நார் தாராளமாகப் போகும். ஃபில்டரைத் துவைக்க எடுத்து மாட்ட மறந்தார்களா? ரப்பர் வளையம் ஒதுங்கிக் காற்று பக்கவாட்டில் நுழைகிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, வாடிக்கையாளர் கையில் அந்த ஃபில்டரைக் கொடுத்து எப்படித் தட்டுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று செய்து காட்டுங்கள். இந்த ஐந்து நிமிடத்துக்குக் கூலி கிடையாது. உங்கள் பெயர் இதில்தான் உருவாகும்.

காப்பாற்ற முடியாத மோட்டாரும் உண்டு. ஆர்மேச்சர் கருகியிருந்தால், அதற்குக் காயில் கட்டித் திரும்ப மாட்டுவது லாபமில்லை. இவ்வளவு வேகத்தில் சுற்றும் ஆர்மேச்சரை மெஷினில் வைத்து எடை சமன் செய்ய வேண்டும். அந்த வசதி சின்னப் பட்டறைகளில் இருக்காது. அப்போது நேர்மையாகச் சொல்லிவிட்டுப் புது மோட்டார் போடுங்கள். வாட், விட்டம், உயரம், பொருத்தும் முறை, குளிர்விக்கும் வகை ஐந்தும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

வாடிக்கையாளரிடம் பேசும் விதம்

மெஷினைக் கொண்டுவரும் அக்காவுக்குப் பயம் ஒன்றுதான்: ஏமாற்றிவிடுவார்களோ? அதைப் போக்கினால் பாதி வியாபாரம் முடிந்தது.

"ஏந்தம்பி, மோட்டாரு போயிருச்சா?"

"இன்னும் பிரிக்கலீங்க்கா. கையில சுத்துனா நகருது, அடைப்பாத்தான் இருக்கும். பிரிச்சுப் பாத்துட்டு எவ்வளவு ஆகும்னு போன்ல சொல்றேனுங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் வேலையில கை வைப்பேன்."

இவ்வளவு போதும். பிரித்துப் பார்க்கும் கூலி எவ்வளவு என்று போர்டில் எழுதி வையுங்கள். பழுது பார்த்தால் அதை மொத்தக் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் தேதி, மாடல், புகார், போட்ட பாகம், உத்தரவாத நாள் எழுதி ஒரு பிரதி கொடுங்கள். கழற்றிய பேரிங்கையும் உரித்தெடுத்த பஞ்சு மோதிரத்தையும் ஒரு கவரில் போட்டுக் காட்டுங்கள். பாகத்தின் விலையையும் உழைப்பின் கூலியையும் தனித்தனியாக எழுதுங்கள். விலை குறைந்த பாகத்தின் மேல் கூலியை ஏற்றிச் சொன்னால் திருடன் என்று பெயர் வரும். கூலியைக் கூலியாகவே சொல்லுங்கள். வேலை தெரிந்தவருக்குக் கொடுக்க இந்த ஊர் தயங்காது. வாடிக்கையாளர்களில் பலருக்குச் சனிக்கிழமை சம்பளம். டெலிவரியை சனி மாலை, ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் பணமும் தடையில்லாமல் வரும்.

வீட்டிலிருந்து கம்பெனிக்கு

வீட்டு மெஷின் உங்கள் பள்ளிக்கூடம். அதில் கற்ற காற்றுப் பாதை அறிவு பனியன் கம்பெனியில் நேராகப் பயன்படும். அயர்னிங் பிரிவில் வாக்குவம் டேபிள், பேக்கிங்குக்கு முன் பிசிறை உறிஞ்சும் நூல் உறிஞ்சி மெஷின், ஓவர்லாக் மெஷினில் வெட்டுத்துணுக்கை இழுக்கும் சக்‌ஷன் என்று எல்லாமே பஞ்சைத் தின்று மூச்சடைப்பவைதான். பையரின் செக்கிங்கில் பிசிறு தெரிந்து சரக்கு நின்றால் கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்பது ஊரறிந்தது. அந்த மெஷினை இரவோடு இரவாக ஓடவைப்பவரை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் மோட்டார் மாறுகிறது. இவற்றில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் மோட்டார்: கார்பன் கிடையாது, வேகம் நிமிடத்துக்கு 2,800-ஐ ஒட்டி. குளிர்விக்கச் சொந்த ஃபேன் இருப்பதால் குழாய் அடைத்தாலும் உடனே எரியாது. அதன் எமன் ஒரு ஃபேஸ் போவதும், இறக்கை இறுகுவதும். ஓவர்லோடு ரிலே ஏன் விழுந்தது என்று பார்க்காமல் அதைத் தூக்கிவிட்டு ஓட்டுவது காயிலைக் கருக்கும். மூன்று ஃபேஸ் லைனில் கைவைக்க உரிய தகுதிச் சான்று வேண்டும். அதுவரை சான்று பெற்ற எலக்ட்ரீசியனோடு சேர்ந்தே போங்கள்.

கம்பெனிகளிடம் ஆண்டு ஒப்பந்தம் பேசுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொழிலாளர்கள் சொந்த ஊர் போய்விட, மெஷின்கள் நாள்கணக்கில் நிற்கும். மெயின்டனன்ஸ் வேலைக்கு அதுதான் முகூர்த்தம். ஷிப்மென்ட் நெருக்கடியில் கெட்டு நிற்பதற்குப் பதில் விடுமுறையில் சுத்தம் செய்து வைப்போம் என்று சொன்னால் எந்த மேனேஜரும் காது கொடுப்பார்.

எங்கே படிப்பது, எப்படித் தொடங்குவது?

திருப்பூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எலக்ட்ரீசியன் பிரிவு இரண்டு வருடம், பத்தாவது தேறியிருக்க வேண்டும். ஒயர்மேன் பிரிவுக்கு எட்டாவது போதும். ஏற்கெனவே அனுபவத்தால் கற்றவர்கள் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். படிப்போடு ஒரு காயில் கட்டும் பட்டறையில் கை பழகுங்கள். பக்கத்திலேயே கோவை இருப்பது நம் அதிர்ஷ்டம். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டிய ஊர் அது; உதிரி பாகத்துக்கும் கற்றுக்கொடுக்கும் ஆளுக்கும் அங்கே குறைவில்லை.

சின்னக் கடைக்கு முதலில் உத்யம் பதிவு, இணையத்தில் இலவசம். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கிடைக்கும். மேலே சொன்ன கருவிகள் அதற்குள் அடங்கும். பெரிய அளவில் புதிதாகத் தொடங்குபவர்கள் மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்: நகர்ப்புறத்தில் 15 முதல் 25, கிராமப்புறத்தில் 25 முதல் 35 சதவீதம் மானியம். மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் சில கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்களும் உதிரி பாக விவரங்களும் கிடைக்கின்றன. மாடல் எண்ணைப் போட்டுத் தேடும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் முயற்சிக்கு ஓடாத பழைய மெஷின் ஒன்றை வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து, படம் எடுத்து, திரும்ப மாட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு மாட்ட வரும் வரை அடுத்தவர் மெஷினைத் தொட வேண்டாம்.

இந்த வேலை யாருக்காக?

பிழைப்புக்காகத்தான். ஆனால் அதோடு நிற்கவில்லை. கையோடு எடுத்துச் செல்லக்கூடிய மின்சார வாக்குவம் கிளீனருக்கு 1908-இல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர், அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் ஒரு கடையைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் தொழிலாளி. ஆஸ்துமாக்காரர்; பெருக்கும்போது கிளம்பிய தூசி அவரால் தாங்க முடியவில்லை. ஒரு தொழிலாளியின் மூச்சுத்திணறலில் பிறந்த கருவி இது.

பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸ், 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இடம்பெற்றது. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகுவது அதன் தொடக்க அடையாளம். ஜின்னிங், நூற்பாலைகளில்தான் அது அதிகம் என்றாலும், பஞ்சு பறக்கும் எந்த அறையிலும் நுரையீரலுக்கு நன்மை இல்லை. சக்‌ஷன் மெஷின் நின்றுபோன யூனிட்டில் அடுத்த நாளே ஏர் கன்னை எடுத்து ஊதுவார்கள். மெஷின் சுத்தமாகும், பஞ்சு பக்கத்தில் இருப்பவரின் மூக்குக்குப் போகும். அமெரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பருத்தித் தூசி விதி, வேறு வழி இருக்கும்போது இப்படிக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது என்றே சொல்கிறது.

ஆகவே ஒரு யூனிட்டின் வாக்குவம் கிளீனரை நீங்கள் சீக்கிரமாகவும் சரியாகவும் ஓடவைத்துக் கொடுத்தால், அந்த அறையில் பத்து மணி நேரம் குனிந்து தைப்பவர்களின் மூச்சுக்கு ஒரு பாதுகாப்பைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். "மோட்டார் போச்சு" என்று சொல்லிப் புதியது வாங்கவைப்பது சுலபம். வாங்கக் காசில்லாத சின்ன யூனிட் அதைக் கேட்டு ஏர் கன்னுக்கே திரும்பிவிடும். பிரித்துப் பாருங்கள், காரணத்தைக் கண்டுபிடியுங்கள், நியாயமான கூலியை வாங்கிக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ள ஆள் குறைவாக இருக்கும் இந்த நேரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.